சிலிண்டரை எந்தக் கணத்தில் நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள், எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) படிக்கும் பிள்ளைகள், ஆறு சிலிண்டர் ஹோண்டா வைத்திருக்கும் குடும்பத்தினர் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஓடும் என்ஜினில் சில சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்து, தேவைப்படும்போது திரும்ப எழுப்பும் தொழில்நுட்பம் பற்றியவை இவை. நிறுத்துவதற்கான இயந்திரப் பாகங்கள் எளிமையானவை. எந்தக் கணத்தில், எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவையும் அந்தக் கணம் தப்புவதால் வருபவைதான். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரை எதற்காக நிறுத்த வேண்டும்?

பிளஸ் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நடுத்தரக் கார் சீராக ஓட 20 கிலோவாட் அளவுக்குச் சக்தி இருந்தால் போதும். ஹோண்டா அக்கார்டின் 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜினோ 200 கிலோவாட் வரை தரக்கூடியது. பத்தில் ஒரு பங்கு வேலைக்கு அவ்வளவு பெரிய என்ஜினை ஓட்டும்போது த்ரோட்டில், அதாவது காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தட்டு, ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க ஒவ்வொரு பிஸ்டனும் மல்லுக்கட்ட வேண்டும். எரித்த பெட்ரோலில் ஒரு பங்கு இந்த இழுபறியிலேயே வீணாகிறது. இதைப் பம்பிங் இழப்பு என்கிறோம்.

மூன்று சிலிண்டர்களை நிறுத்திவிட்டால் மீதி மூன்றும் இரண்டு மடங்கு வேலை செய்தாக வேண்டும். அதற்கு அதிகக் காற்று தேவை, ஆகவே த்ரோட்டில் நன்றாகத் திறக்கிறது, இழுபறி குறைகிறது. மிச்சம் இங்கிருந்துதான் வருகிறது. "மூன்று சிலிண்டருக்குப் பெட்ரோல் போகவில்லை, அதனால் பாதிச் செலவு" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஓடும் மூன்றும் கூடுதலாக எரிக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் தன் 1.4 லிட்டர் என்ஜினுக்குச் சொன்ன கணக்கு, ஐரோப்பியச் சோதனை ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 லிட்டர் மிச்சம் என்பது. பெரிய என்ஜினில் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். ஆனால் பாதியெல்லாம் ஆகாது.

பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் போதாதா? வால்வுகளை ஏன் மூட வேண்டும்?

காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் வழக்கம்போலத் திறந்து மூடினால் அந்தச் சிலிண்டர் சும்மா காற்றை இழுத்து எக்ஸாஸ்ட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். இழுபறி அப்படியே இருக்கும். அதோடு எரியாத காற்று நேராக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் குளிர வைக்கும். ஆக்சிஜன் சென்சார் "கலவை மெலிந்துவிட்டது" என்று தவறாகச் சொல்ல, கணினி மற்ற சிலிண்டர்களுக்குத் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

இரண்டு பக்க வால்வுகளையும் மூடி வைத்தால் உள்ளே சிக்கிய வாயு, வாயை விரலால் அடைத்த சைக்கிள் பம்ப் போல, அழுத்தும்போது எதிர்க்கும், விடும்போது திருப்பித் தள்ளும். போட்ட சக்தியில் பெரும்பகுதி அடுத்த இறக்கத்திலேயே திரும்பி வந்துவிடும். சுவர் வழியாகப் போகும் வெப்பமும் பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிவதும் மட்டுமே நட்டம்.

மலேசியாவில் எந்தக் கார்களில் இது இருக்கிறது?

புரோட்டோன், பெரோடுவா வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அவற்றில் இல்லை. விவிடி என்று எழுதியிருப்பது வேறு. அது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது, வால்வை நிறுத்துவதல்ல.

நம் பட்டறைகளுக்கு அதிகம் வருவது ஹோண்டாதான். 2008 தலைமுறை அக்கார்ட் 3.5 வி6, ஜப்பானிலிருந்து ரீகாண்டாக (பழைய காராக) வந்த இன்ஸ்பயர், எலிசியோன் வி6 ஆகியவற்றில் விசிஎம் என்ற பெயரில் இருக்கிறது. இன்ஸைட், ஜாஸ் ஹைப்ரிட் இரண்டிலும் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சில மில்லிவினாடி முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிப்போகும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வால்வைத் தள்ளித் திறப்பது கேம், அதாவது சுழலும் தண்டில் மூக்கு போலப் புடைத்த வட்டு. அந்தப் பிடியை விடுவித்து வால்வை நிறுத்தும் வேலையைச் செய்வது பெரும்பாலான என்ஜின்களில் 'பின்' என்ற ஒரு சின்ன உலோகக் குச்சி. ஹோண்டாவில் அது, கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர் ஆர்முக்குள் இருக்கிறது. அமெரிக்க வி8 என்ஜின்களில், கேமை ஒட்டி ஏறி இறங்கும் லிஃப்டருக்குள் இருக்கிறது. கணினி ஒரு சொலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் கதவு) திறக்கிறது, என்ஜின் ஆயில் அழுத்தத்தோடு பாய்ந்து பின்னை நகர்த்துகிறது, கேமுக்கும் வால்வுக்கும் உள்ள பிடி விட்டுப்போகிறது. அதன் பிறகு கேம் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வு அசையாது.

ஆனால் கேமின் மூக்கு வால்வை அழுத்திக்கொண்டிருக்கும்போது பின்மேல் பெரும் பாரம் இருக்கும். அப்போது பின் நகராது, நகரவும் கூடாது. வால்வு மூடி, கேமின் வட்டப் பகுதி மட்டும் உரசிப் போகும் நேரத்தில்தான் நகர வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், அதாவது 720 டிகிரியில், ஒரு வால்வு ஏறக்குறைய 240 டிகிரி திறந்திருக்கும், மீதி 480 டிகிரி மூடியிருக்கும். 2,000 ஆர்பிஎம்மில் இந்த 720 டிகிரிக்கு ஆகும் நேரம் 60 மில்லிவினாடி. ஆக பின்னுக்குக் கிடைக்கும் இடைவெளி 40 மில்லிவினாடி. 3,000 ஆர்பிஎம்மில் அது 27 ஆகச் சுருங்கிவிடும்.

இப்போது சொலினாய்டு திறந்து, ஆயில் வழி நிரம்பி, பின் நகர 20 மில்லிவினாடி ஆகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1,000 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 120 டிகிரி சுற்றியிருக்கும். 3,000 ஆர்பிஎம்மில் 360 டிகிரி, ஒரு முழுச் சுற்று. கணினி கட்டளை கொடுக்கும்போது சிலிண்டர் இருக்கும் நிலை வேறு, பின் நகரும்போது இருக்கும் நிலை வேறு. அதனால் வேகம் ஏற ஏற, கோணக் கணக்கில் கட்டளை முன்கூட்டியே போக வேண்டும். அந்த 20 என்ற எண்ணும் நிலையாக இருப்பதில்லை. ஆயில் குளிர்ந்திருந்தால் கூடும், ஆயில் அழுத்தம் குறைந்தால் கூடும், பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் சொலினாய்டே மெதுவாகும். இவை அத்தனையையும் வைத்துத்தான் கணினி ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுகிறது.

கணக்குத் தப்பினால் பின் பாதி நகர்ந்த நிலையில் கேம் மூக்கு வந்து அழுத்தும். விளிம்பில் நிற்கும் பின் பாரம் தாங்காமல் வழுக்கும். பாதி திறந்த வால்வு தன் ஸ்பிரிங்கின் வேகத்தில் போய் இருக்கையில் அறையும். ஒருமுறை நடந்தால் 'டக்' என்ற சத்தத்தோடு போகும். அடிக்கடி நடந்தால் பின்னின் விளிம்பு மழுங்கும், மழுங்கிய அந்தப் பின் இன்னும் எளிதாக வழுக்கும். அங்கிருந்து செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

எந்த வால்வு முதலில் நிற்க வேண்டும்? இன்டேக்கா, எக்ஸாஸ்ட்டா?

இதற்கு ஒரே விடை கிடையாது. சிலிண்டருக்குள் எதைச் சிறைப்பிடிக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, கடைசியாக ஒருமுறை எரித்துவிட்டு எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்காமலே விடுவது. எரிந்த சூடான வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதல் சில சுழற்சிகளில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும், பிறகு வெப்பம் போகப் போக இறங்கும். பிஸ்டன் கீழே போகும்போதும் உள்ளே ஓரளவு அழுத்தம் இருப்பதால் கீழிருந்து ஆயில் மேலேறாது. குறை என்னவென்றால் அந்த முதல் சில அழுத்தங்கள் கிராங்கில் ஒரு உதறலாகத் தெரியும்.

இரண்டாவது வழி, எரிந்த வாயுவை வெளியே தள்ளிவிட்டு இன்டேக்கைத் திறக்காமல் விடுவது. உள்ளே கொஞ்சம் வாயுதான் மிஞ்சும், உதறல் குறைவு. ஆனால் பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே வெற்றிடம் போல ஆகும். கிராங்க் சுழலும் கீழறையிலிருந்து (கிராங்க்கேஸ்) ஆயில் ரிங் வழியாக மேலே இழுபடும்.

மூன்றாவது வழி, பெட்ரோல் இல்லாமல் வெறும் காற்றை உள்ளே வாங்கி மூடிக்கொள்வது. அழுத்தம் மிதமாக இருக்கும். ஆனால் எழுப்பும்போது அந்தக் காற்று எரியாமல் எக்ஸாஸ்ட்டுக்குப் போகும் என்பதைக் கணினி கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். ஒரு சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ஒரே சொலினாய்டு கட்டுப்படுத்துகிறது என்று வையுங்கள். இன்டேக் திறக்கத் தொடங்குவதை 0 டிகிரி என்று கொண்டால், எக்ஸாஸ்ட் ஏறக்குறைய 500 டிகிரியில் திறக்கத் தொடங்கும். ஆயில் அழுத்தம் இந்த 0க்கும் 500க்கும் இடையில் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே திறக்கத் தொடங்கிய இன்டேக் தன் வேலையை முடிக்கும், எரிதல் நடக்கும், எக்ஸாஸ்ட் திறக்காது. முதல் வழி தானாக அமைந்துவிடும். 500க்குப் பிறகு வந்தால் எக்ஸாஸ்ட் தன் வேலையை முடிக்கும், அடுத்த இன்டேக் திறக்காது. இது இரண்டாவது வழி. இதற்குக் கிடைக்கும் இடைவெளி 200 டிகிரி சொச்சம்தான்.

ஆக, எரிந்த வாயுவைப் பிடித்து வைக்க இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான கதவு திறந்திருக்கிறது. ஆயிலின் வேகத்தை நம்பி நடக்கும் அமைப்புக்கு இது பெரிய ஆறுதல். உதறல் இருந்தாலும் அந்த வழியைப் பல பொறியாளர்கள் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பெட்ரோல் தெளிப்பையும் ஸ்பார்க்கையும் எப்போது நிறுத்துகிறார்கள்?

பெட்ரோலைப் பொறுத்தவரை, இன்ஜெக்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்டேக் குழாயில் இருந்தால், வால்வு திறப்பதற்கு முன்பே தெளித்து முடித்திருக்கும். அதன் பிறகு "நிறுத்து" என்று முடிவெடுத்தால் தெளித்த பெட்ரோல் வால்வின் முதுகில் ஈரமாக நின்றுவிடும். பல நிமிடம் கழித்து எழுப்பும்போது கலவை குழம்பும். அதனால் முடிவை ஒரு முழுச் சுழற்சி முன்னதாகவே எடுத்தாக வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் என்ஜினில் கடைசி நேரம் வரை காத்திருக்கலாம்.

ஸ்பார்க் பற்றி ஒரு தகவல்: ஹோண்டா விசிஎம்மில் ஓய்வில் இருக்கும் சிலிண்டரிலும் ஸ்பார்க் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். பிளக் ரொம்பவும் குளிர்ந்து அழுக்கேறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

திரும்ப எழுப்பும்போது வரிசை மாறுமா?

எரிந்த வாயு உள்ளே இருந்தால் எக்ஸாஸ்ட்தான் முதலில் திறக்க வேண்டும். இன்டேக் முதலில் திறந்தால் உள்ளே இருக்கும் வாயு இன்டேக் குழாய்க்குள் பாய்ந்து, பக்கத்துச் சிலிண்டர்களின் காற்றையும் கெடுத்துவிடும். ஆக எழுப்புவதற்கும் அதே கோணக் கணக்கு உண்டு. இந்த முறை ஆயில் அழுத்தம் வடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். நிரம்பும் வேகமும் வடியும் வேகமும் ஒன்றல்ல, ஆகவே கணினிக்கு இரண்டு தனி அட்டவணைகள் தேவை.

எழுப்புவதில் அவசரமும் கூடுதல். நிறுத்துவதைக் கால் வினாடி தள்ளிப்போட்டால் யாருக்கும் தெரியாது. டோலைத் தாண்டி ஓட்டுநர் காலை அழுத்தும்போது எழுப்பத் தாமதமானால் கார் தூங்குவது போலத் தோன்றும்.

பாதி என்ஜின் நிற்கிறது, வண்டியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஏன் ஒன்றுமே தெரிவதில்லை?

த்ரோட்டிலும் ஸ்பார்க்கும் சேர்ந்து நடத்தும் வேலை அது. த்ரோட்டிலைத் திறந்தவுடன் காற்று நிரம்பிவிடாது, இன்டேக் குழாய் நிறையச் சற்று நேரம் பிடிக்கும். ஸ்பார்க்கோ அடுத்த எரிதலிலேயே பலன் காட்டும். அதனால் கணினி முதலில் த்ரோட்டிலை மெல்லத் திறக்கிறது. ஆறு சிலிண்டருக்கும் தேவைக்கு மேல் காற்று வருகிறது, முறுக்கு விசை (டார்க்) கூடப் பார்க்கிறது. கூடவிடாமல் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி அமுக்கி வைக்கிறது. மூன்று சிலிண்டரே முழுப் பாரத்தையும் சுமக்கும் அளவுக்குக் காற்று வந்ததும், மற்ற மூன்றும் நிற்கும் அதே கணத்தில் ஸ்பார்க் தன் சரியான இடத்துக்குத் திரும்புகிறது. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு மாறவே இல்லை. பல கார்களில், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்சையும் சற்றே வழுக்க விட்டு மீதி அதிர்வை விழுங்கிக்கொள்கிறார்கள்.

சத்தம் தனிக் கதை. 1,800 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டர் வினாடிக்கு 90 முறை எரியும். மூன்றானால் 45. அந்தத் தாழ்ந்த அதிர்வு உடம்புக்கு நன்றாகவே தெரியும். ஹோண்டா இதற்காக, என்ஜினைத் தாங்கியபடி எதிர் அசைவு கொடுக்கும் மவுண்டுகளையும், ஸ்பீக்கர் வழியாக எதிர் ஒலி அனுப்பும் அமைப்பையும் வைத்தது. மவுண்ட் செத்துப்போன அக்கார்டில் சீட் நடுங்குகிறது என்று வருபவர்கள் உண்டு. சிலிண்டர் நேரக்கட்டுப்பாடு சரியாகவே இருக்கும், மாற்ற வேண்டியது மவுண்ட்.

அண்ணே, தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும்போது ஈக்கோ விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. பழுதா?

பழுதல்ல, தம்பி. சிலிண்டர்கள் ஓய்வில் இருக்கும்போது எரியும் விளக்கு அது. தஞ்சோங் மாலிம் தாண்டிச் சமவெளியில் நிலையாக எரியும். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் அணைந்துவிடும், இறக்கத்தில் திரும்ப வரும். அப்படித்தான் இருக்க வேண்டும். பினாங்கு இரண்டாம் பாலத்தின் 24 கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் போனால் பெரும்பகுதி எரிந்துகொண்டே இருக்கும். இந்த அமைப்புக்கென்றே போட்ட சாலை மாதிரி அது. ஜாலான் துன் ரசாக் நெரிசலில் இதிலிருந்து மிச்சம் எதிர்பார்க்காதீர்கள்.

நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் முன் கணினி பார்க்கும் விஷயங்கள் நிறைய: கூலன்ட் சூடு, ஆயில் சூடு, கியர், ஆர்பிஎம், மிதியின் நிலை, பிரேக் பூஸ்டரில் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் அமைப்பு) இருக்கும் வெற்றிடம். த்ரோட்டில் அகலத் திறந்தால் இன்டேக்கில் வெற்றிடம் குறையும் என்பதால் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் எல்லாச் சிலிண்டரும் எழுந்துவிடுவது உண்டு. நம் ஊர் வெயிலில் ஏர்கான் கம்ப்ரெசர் எடுக்கும் பாரமும் கணக்கில் வருகிறது. உள்ளே நுழையும் எல்லையும் வெளியேறும் எல்லையும் ஒன்றாக இருக்காது, இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள். இல்லாவிட்டால் எல்லையில் நின்று நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும், பின்கள் தேய்ந்துபோகும்.

சமமான சாலையில், மிதி அசையாமல் இருக்கும்போதும் சில வினாடிக்கு ஒருமுறை மாறினால் மட்டும் கொண்டுவந்து காட்டுங்கள். ஆயில் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. காடிலாக் 1981இல் வி8-6-4 என்ற 6 லிட்டர் என்ஜினை விற்றது. எட்டு, ஆறு, நான்கு என்று மாறும். வால்வை நிறுத்தும் பாகங்கள் மோசமில்லை. ஆனால் அன்றைய கணினி மெதுவானது, த்ரோட்டிலோ கேபிளில் தொங்கியது. மேலே சொன்ன த்ரோட்டில், ஸ்பார்க் வித்தைக்கு வழியே இல்லை. வண்டி உதறியது. பலர் பட்டறையில் கொடுத்து வயரைக் கழற்றி, எப்போதும் எட்டிலேயே ஓட்டினார்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த ஓராண்டோடு முடிந்துபோனது.

மிட்சுபிஷி 1992இல் ஜப்பானில் 1.6 லிட்டர் 4ஜி92 மிவெக்கில் இரண்டு சிலிண்டர்களை நிறுத்தும் வடிவத்தைக் கொண்டுவந்தது. நம் பையன்கள் புரோட்டோன் சத்ரியாவிலும் வீராவிலும் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய கார்) வாங்கி ஆசையாக இறக்கிப் போட்ட என்ஜினின் உறவு அது. நீடிக்கவில்லை. மின்சார த்ரோட்டிலும் வேகமான கணினியும் சேர்ந்து வந்த 2000க்குப் பிறகுதான் இந்த யோசனைக்கு நல்ல காலம் பிறந்தது.

ஆயிலை நம்பாத அமைப்பு உண்டா?

உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2012இல் 1.4 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினில் கொண்டுவந்தது. கேம் தண்டின்மேல் நகரக்கூடிய துண்டுகள் இருக்கும், அவற்றில் சுருள் பள்ளம் வெட்டியிருக்கும். மின்காந்தம் ஒரு ஊசியைப் பள்ளத்தில் இறக்கும். தண்டு சுற்றும் வேகத்திலேயே துண்டு பக்கவாட்டில் நகர்ந்து, மூக்கு இல்லாத வட்டக் கேம் வால்வுக்கு மேல் வந்து நிற்கும். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் நிற்கும். கேம் தண்டு அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள், வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லிவினாடிக்குள், மாற்றம் முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது, நகரும் கோணம் பள்ளத்திலேயே வெட்டி வைக்கப்பட்டிருப்பது. ஊசி சரியான நேரத்தில் இறங்கினால் போதும், மீதியைத் தண்டின் சுழற்சி பார்த்துக்கொள்ளும். பாகங்களின் விலை கூடுதல்தான்.

ஃபோர்டு 1 லிட்டர் மூன்று சிலிண்டரிலேயே ஒன்றை நிறுத்திக் காட்டியது. மாற்றத்துக்கு 14 மில்லிவினாடி என்று அறிவித்தது. மூன்றில் ஒன்று நின்றால் எரிதல்கள் சம இடைவெளியில் வராது என்பதால் ஃப்ளைவீலையும் கிளட்சையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

ஒவ்வொரு எரிதலுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க முடியுமா?

முடிகிறது. 2019 மாடல் செவர்லே சில்வராடோவின் வி8 என்ஜின்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தது. அடிப்படைக் கட்டுப்பாட்டு முறை டூலா என்ற கலிஃபோர்னியா நிறுவனத்துடையது. எட்டுச் சிலிண்டருக்கும் தனித்தனி நிறுத்தும் வசதி, 17 வகை எரிதல் வரிசைகள். "நான்கா, எட்டா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இப்போது முறை வரும் சிலிண்டர் எரியட்டுமா, தாண்டட்டுமா" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது. தாண்டும் வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது, வண்டியின் உடம்பு தானாக ஆடும் அதிர்வெண்ணில் உதறல் வந்து விழாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஜாஸ் ஹைப்ரிட். அதிலும் இதே பிரச்சினைகள் வருமா?

2012 முதல் மலாக்கா ஆலையில் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கப்பட்ட ஜாஸ் ஹைப்ரிடிலும், இன்ஸைடிலும் நோக்கம் வேறு. வேகம் குறையும்போது நான்கு சிலிண்டர்களின் வால்வுகளும் மூடிக்கொள்ளும். என்ஜின் காற்றை இழுத்துச் சக்தியை வீணடிக்காமல், அந்தச் சக்தி மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போகும். அந்த நேரத்தில் பெட்ரோல் ஏற்கெனவே நின்றிருப்பதால் முறுக்கைச் சமன்செய்யும் தலைவலி குறைவு. மிதியை மறுபடி அழுத்தும்போது தடுமாறாமல் எழுப்புவது மட்டுமே நுணுக்கம், அந்த இடைவெளியையும் மோட்டார் நிரப்பிவிடும். இந்தக் கார்களில் மக்களை அலைய வைப்பது பழைய ஹைப்ரிட் பேட்டரி. வால்வு அமைப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் பழைய என்ஜினுக்கு நல்லது என்கிறார்களே?

இந்த என்ஜின்களில் அதைச் செய்யாதீர்கள். ஹோண்டா இவற்றுக்கு மெல்லிய ஆயில் கேட்டது பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டுமல்ல. மேலே சொன்ன நேர அட்டவணைகள் எல்லாம் அந்த ஆயில் பாயும் வேகத்தை வைத்து எழுதப்பட்டவை. 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் ஊற்றினால், கணினி தான் போட்ட கணக்கு சரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும், பின் மட்டும் தாமதமாக நகரும்.

அழுக்கு ஆயில் அதைவிட மோசம். சொலினாய்டுக்கு முன்னால் மெல்லிய வலை வடிகட்டி இருக்கும். சேறு படிந்து அது பாதி அடைத்தால், அழுத்த அளவு சரியாகவே காட்டும், நிரம்பும் நேரம் மட்டும் கூடிவிடும். கோலாலம்பூர் நெரிசலில் ஓடும் வண்டிக்கு மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றக் கூடாது. நின்ற இடத்தில் ஓடிய மணிநேரம் மீட்டரில் ஏறாது. நீண்ட இடைவெளிக் கணக்கை விட்டு முன்னதாகவே மாற்றுங்கள், ஆயில் குச்சியையும் மாதம் ஒருமுறையாவது இழுத்துப் பாருங்கள்.

வி6இல் பின்பக்கப் பிளக்குகள் மட்டும் கருகி ஆயில் பூசியிருக்கின்றன. ஏன்?

ஹோண்டா வி6 மூன்று சிலிண்டரில் ஓடும்போது நிற்பது பின்வரிசை, பயணிகள் அறையின் முன்சுவரை ஒட்டியது. எந்த வாயுவைச் சிறைப்பிடித்தாலும் நேரம் ஆக ஆக அது கசிந்து, பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறையும் நிலைக்கு வந்துவிடும். அப்போது ஆயில் சிறுகச் சிறுக மேலேறும். எரிதல் இல்லாததால் அது எரியாமல் ரிங் பள்ளத்தில் கரியாகப் படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், ஆயில் இன்னும் கூடுதலாக ஏறும். சில கட்டுப்பாட்டு முறைகள் நெடுநேரம் ஓய்வில் விடாமல் இடையிடையே எழுப்பிவிடுவது இதைத் தடுக்கத்தான்.

பிளக்கை மட்டும் மாற்றி அனுப்பினால் திரும்பத்தான் வரும். கம்ப்ரெஷன் பார்த்து, ரிங் ஒட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே அடுத்த செலவைப் பற்றிப் பேசுங்கள்.

கூலன்ட் சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் இது நின்றுவிடுமாமே? போடலாமா?

என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கணினியை நம்ப வைத்து, சிலிண்டர் நிறுத்தத்தைத் தடுக்கும் வழி அது. இணையத்தில் விலை மலிவாகக் கிடைக்கிறது. நான் போட்டுத் தருவதில்லை. எந்தச் சென்சாரை ஏமாற்றுகிறது என்பதைப் பொறுத்து, விசிறி ஓடும் நேரமும் கலவையும் மாறலாம். மதியம் இரண்டு மணிக்கு எம்ஆர்ஆர்2 நெரிசலில் நிற்கும் என்ஜினின் உண்மையான சூட்டைக் கணினியிடமிருந்து மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆயில் குடிக்கும் வி6 வைத்திருப்பவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒட்டிய ரிங்கை அந்த ரெசிஸ்டர் சரிசெய்யாது.

ஸ்கேனரில் பி3400 வந்தால் சொலினாய்டை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பி3400 என்பது முதல் வரிசையின் சிலிண்டர் நிறுத்த அமைப்பில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது, பி3497 இரண்டாம் வரிசை. கட்டளை போன பிறகு ஆயில் அழுத்தம் எதிர்பார்த்தபடி மாறவில்லை என்பதுதான் பல நேரம் இதன் உள்ளர்த்தம். நான் பார்க்கும் வரிசை: ஆயில் அளவு, ஆயில் வகை, வலை வடிகட்டி, அழுத்த சுவிட்ச், வயர், கடைசியில் சொலினாய்டு. ஆயில் மாற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்ததோடு போய்விட்ட வண்டிகள் பல.

எஸ்கேஎம் மூன்றாம் நிலை படிக்கிறேன். இந்த நேரக் கணக்கைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு, செய்து பாருங்கள். நான்கு சேனல் ஆசிலோஸ்கோப் வேண்டும். ஒன்றில் கிராங்க் சென்சார், ஒன்றில் கேம் சென்சார், ஒன்றில் சொலினாய்டு மின்னோட்டம். நான்காவதில், ஓய்வெடுக்கும் சிலிண்டரின் பிளக் இடத்தில் அழுத்த சென்சார். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிவிட்டு, காயிலை ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டுங்கள். எரிதல் இல்லாவிட்டாலும் வால்வு நிற்பது தெரியும். சொலினாய்டு மின்னோட்டக் கோட்டில் ஏறும் வழியில் ஒரு சின்னப் பள்ளம் விழும், பிளஞ்சர் நகர்ந்த கணம் அது. அதற்கும் அழுத்தக் கோட்டின் வடிவம் மாறுவதற்கும் இடையே எத்தனை டிகிரி என்று எண்ணுங்கள். வால்வுகள் ஓடும்போது இறக்கத்தின் கடைசியில் எக்ஸாஸ்ட் திறப்பதும், இன்டேக் இழுக்கும் பள்ளமும் தெரியும். நின்றபின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி சமச்சீரான மேடு மட்டும் வரும். ஆயில் ஆறியிருக்கும்போது ஒருமுறை, சூடானபின் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். குளிர்ந்த ஆயிலில் அமைப்பு வேலை செய்ய மறுத்தால், ஸ்கேனரின் சோதனைக் கட்டளையால் இயக்க முடிகிறதா என்று பாருங்கள். வண்டி நின்ற இடத்திலேயே செய்யுங்கள், சாலையில் வேண்டாம்.

டீசல் லோரிகளுக்கு இது பயன்படுமா? அங்கே த்ரோட்டில் இழுபறி இல்லையே?

சரியான கேள்வி. டீசலில் நோக்கம் எக்ஸாஸ்ட்டின் சூடு. பாரம் இல்லாமல் மெதுவாக ஓடும் லோரியில் எக்ஸாஸ்ட் வாயு குளிர்ந்துபோய், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யாது. அதற்கு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பாதிச் சிலிண்டரை நிறுத்தினால் என்ஜின் வழியாகப் போகும் காற்று குறையும், ஓடும் சிலிண்டர்கள் கூடுதலாக எரிக்கும், வெளியேறும் வாயு சூடாகும். அங்கே எரிந்த வாயுவைப் பிடித்து வைப்பதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. டீசலின் கம்ப்ரெஷன் விகிதம் உயர்வு என்பதால் முதல் சில சுழற்சிகளில் உள்ளே எழும் அழுத்தம் பெட்ரோல் என்ஜினைவிட மிகப் பெரிதாக இருக்கும். அந்த அழுத்தத்துக்கு எதிராக எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்க நேர்ந்தால் ராக்கர் ஆர்ம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்.